கிளை கூடும் சாலை

மிதிவண்டியில் ஒரு ரவுண்டு – 9

அக்கா மகன் திருச்சியிலிருந்து அலைபேசியில் ஒரு படம் அனுப்பினான். மணப்பாறையை ஒரு முனையாக வைத்து மேற்கே இழுத்த கோணல் வட்டம். கூடவே ஒரு குரல்பதிவு: "மாமா, ரூட் போட்டாச்சு. எங்கெல்லாம் பச்சையா இருக்கோ அதையெல்லாம் தொட்டு இழுத்திருக்கேன். அறுபது கிலோமீட்டர் வரும். ஞாயித்துக்கிழமை கிளம்புறோம்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சைதான். ஆனால் அது நான் பிறந்து வளர்ந்த பக்கம். அவன் தொட்ட முதல் பச்சை, தைலமரத் தோப்பு. இரண்டாவது, தண்ணீர் வற்றிய குளத்துக்குள் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலம். மூன்றாவது, துப்பாக்கி சுடும் தளம்.

"மூணாவது பச்சைக்குள்ள மாட்டைக்கூட விட மாட்டாங்கடா" என்று பதில் அனுப்பினேன். சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று வந்தது. நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துவிட்டான்.

எட்டு வாரமாக இந்தத் தொடரில் போய்வந்த சுற்றுகளைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். இந்த வாரம், கிளம்புவதற்கு முன்னால் திண்ணையில் உட்கார்ந்து போட்ட கணக்கு. வாசகர்கள் பலர் கேட்பதும் அதுதான்: ரூட்டை எப்படி முடிவு செய்கிறீர்கள்?

வீரமலைப்பாளையத்திலிருந்தே தொடங்குகிறேன். நாளிதழ்களின் திருச்சிப் பதிப்பைப் படிக்கிறவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம். மணப்பாறை வட்டம் அணியாப்பூர் கிராமத்தில் இருக்கிறது. காவல்துறையினரும் பாதுகாப்புப் படையினரும் அங்கே வந்து சுட்டுப் பழகுவார்கள். அதற்கு முன் மாவட்ட ஆட்சியர் பெயரில் ஒரு சிறு அறிவிப்பு வரும். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை பயிற்சி, அந்த நாட்களில் மேய்ச்சலுக்குக் கால்நடைகளை விட வேண்டாம், ஆட்களும் உள்ளே போக வேண்டாம் என்பது அதன் சாரம். மேல்நாட்டில் ஒருவர் சைக்கிள் சுற்று போடும்போது வானிலை அறிக்கை பார்ப்பார். மணப்பாறைக்காரர் கூடவே ஆட்சியரின் அறிவிப்பையும் பார்க்க வேண்டும். பெட்டிக்கடையில் கேட்டாலும் தெரிந்துவிடும். சத்தம் கேட்கிற ஊர்க்காரர்களுக்குத் தேதி மறக்காது. தளத்துக்குள் போகும் தடத்தை அழித்துவிட்டு, அதற்கு வெளியே போகும் தார்ச்சாலையைப் பிடித்தேன். வட்டத்தில் முதல் திருத்தம் அது.

இரண்டாவது திருத்தம் தைலமரம். எங்கள் பக்கம் யூகலிப்டஸை யாரும் யூகலிப்டஸ் என்று சொல்வதில்லை. அதை வளர்க்கும் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் 1974-இல் தொடங்கியது. தலைமையகம் திருச்சியிலேயே இருக்கிறது. அதன் தோட்டங்களிலும் தனியார் காடுகளிலும் வளரும் தைலமரமும் சவுக்கும் காகிதக் கூழுக்குப் போகின்றன. மணப்பாறைக்கு அருகே மொண்டிப்பட்டியில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் இரண்டாவது ஆலை 2016-இல் ஓடத் தொடங்கிய பிறகு, மரம் ஏற்றிய லாரியைப் பார்க்காமல் இந்த வட்டாரச் சாலைகளில் ஒரு காலைப்பொழுதைக் கழிக்க முடியாது. பாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டைகள் சைக்கிள்காரன் தோள் உயரத்தில்தான் வரும். ஆலை வந்ததில் ஊருக்கு வேலை வந்தது. அதில் எனக்குக் குறை இல்லை. வானத்திலிருந்து எடுத்த படத்தில் தைலமரத் தோப்பும் காடும் ஒரே பச்சையாகத் தெரிவதுதான் சிக்கல். தோப்புக்குள் நின்றால் வித்தியாசம் காதில் தெரியும். குருவிச் சத்தம் இருக்காது. இலை கீழ்நோக்கித் தொங்குவதால் உச்சி வெயிலில் நிழலும் கிடைக்காது.

அப்படியானால் எங்கள் காடு எது? படத்தில் பச்சையாகவே தெரியாதது. உசிலை, வெள்வேல், கிளுவை, சூரை, ஆவாரை, இடையிடையே வேம்பு. சித்திரையில் பார்த்தால் செத்துக் கிடப்பது போல் இருக்கும். ஒரு நல்ல மழை பெய்து பத்து நாள் கழித்துப் போனால் நம்ப முடியாது. உசிலை என்றால் சிலருக்குப் புரியாது, அரப்பு என்றால் புரியும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் அம்மா தலையில் அப்பிவிடும் அந்தப் பச்சைப் பொடி இந்த மரத்து இலைதான். பொடிப்பொடி இலை, விரிந்த தலை, முறுக்கிய கிளை. சாலையின் இரு பக்கமும் உசிலை நின்றால் நடுவில் கிளைகள் கை கோத்துக்கொள்ளும். அடியில் ஓட்டும்போது நிழல் சல்லடையாக விழும். இந்த வட்டத்தை எங்கே இழுப்பது என்று முடிவு செய்தது கடைசியில் அந்தக் கிளைகள்தான். அதற்குக் காரணம் நான் அல்ல, ஒரு தேவாங்கு. அதற்கு வருகிறேன்.

முதலில் திசை. அக்கா மகன் போட்ட அம்புக்குறி வையம்பட்டி வழியாகப் போய் வீரப்பூர் வழியாகத் திரும்புவதாக இருந்தது. வலம் வருகிற திசை. கோயிலுக்கு அது சரி. சாலைக்கு நான் எப்போதும் இடஞ்சுழியைத்தான் சொல்வேன். நாம் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள். வட்டத்தை இடமாகச் சுற்றினால் திருப்பங்களில் பெரும்பாலானவை இடப்பக்கத் திருப்பங்களாக அமையும். எதிரே வரும் வண்டிக்குக் குறுக்கே வெட்டிப் போக வேண்டி இருக்காது. இந்தச் சுற்றில் அதற்கு இன்னொரு லாபம் உண்டு. வையம்பட்டியில் கரூர் சாலையிலிருந்து வந்து திண்டுக்கல் – திருச்சி நான்குவழிச் சாலையில் ஏறும்போது, இடதுபக்கம் திரும்பினால் மணப்பாறை போகும் தடத்திலேயே சேர்ந்துவிடலாம். எதிர்த்திசையில் வந்தால் நடுத்தடுப்புக்கு அந்தப் பக்கம் போக, லாரி இடைவெளி பார்த்து நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

காற்றும் அதையே சொன்னது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று கரூர், திண்டுக்கல் பக்கத்தைப் போட்டு அடித்துவிட்டு எங்கள் ஊருக்கும் வரும். அம்மி பறக்கும் என்று சொல்வது அந்த மாதத்தைப் பார்த்துத்தான். காலை ஆறு மணிக்குச் சாதுவாக இருக்கும் காற்று பத்து மணிக்கு மேல் ஆளைத் தள்ளும். ஆகவே மேற்கே போகும் பாதியைக் காற்று எழும் முன் முடித்துவிட வேண்டும். திரும்பும் பாதியில் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வரும். இதைத் தெரியாமல் மாற்றிப் போட்டுக்கொண்டு வையம்பட்டிக்கு இந்தப் பக்கம் இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

கிழமை? செவ்வாய் சாயங்காலமும் புதனும் வேண்டாம். மணப்பாறை மாட்டுச் சந்தை. 1957-இல் வந்த படப்பாட்டு ஒன்றால் ஊர் உலகமெல்லாம் தெரிந்த சந்தை அது. அந்தப் பாட்டு எல்லோருக்கும் தெரியும் என்பதால் நகர்கிறேன். மாடு ஏற்றிய வண்டிகள் எல்லாத் திசையிலிருந்தும் ஊருக்குள் வரும், போகும். ஞாயிறு காலை சரி.

மாதம்? மார்கழி, தை. குளங்களில் தண்ணீர் கொஞ்சம் நிற்கும். ஆவாரை பூத்திருக்கும். மாசியில் போகலாம், ஆனால் வீரப்பூரில் அப்போது சைக்கிளை உருட்டக்கூட இடம் கிடைக்காது. வீரப்பூரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

மணப்பாறையிலிருந்து வடமேற்கே, ஏறக்குறைய 20 கிலோமீட்டர். கொங்கு நாட்டு மக்கள் அண்ணன்மார் என்று கும்பிடும் பொன்னர், சங்கர் வீழ்ந்த படுகளம் இங்கே என்பது நம்பிக்கை. பெரியகாண்டியம்மன் கோயில் மாசித் திருவிழாவில் வேடபரி பார்க்கக் கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டி வருவார்கள். கதையை இரவிரவாகப் பாடுவார்கள். கொம்பன் என்ற காட்டுப்பன்றி வந்து பயிரை அழிக்கிறது, அண்ணன்மார் அதை வேட்டையாடுகிறார்கள், வேட்டுவரோடு சண்டை மூள்கிறது, படுகளத்தில் இருவரும் மாள்கிறார்கள், தங்கை அருக்காணி வந்து எழுப்புகிறாள். கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960-களில் கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றில் தங்கி இந்தக் கதையைப் பாடகர்கள் பாடப் பாட ஒலிநாடாவில் பதிவு செய்தார். 1982-இல் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். கலைஞர் இதை 'பொன்னர் – சங்கர்' என்று நாவலாக எழுதினார், 2011-இல் படமாகவும் வந்தது.

நான் இலக்கிய ஆராய்ச்சிக்காரன் இல்லை. ஆனால் வீரமலையைப் பார்த்துக்கொண்டே அந்தச் சாலையில் ஓட்டும்போது, காட்டைத் திருத்தி உழ வந்தவர்களுக்கும் காட்டிலேயே இருந்தவர்களுக்கும் நடந்த வழக்காகத்தான் கதை எனக்குப் படுகிறது. பன்றி காட்டின் பக்கம் நின்று சண்டை போடுகிறது. கடலைக்காட்டில் இன்றும் காட்டுப்பன்றி இறங்கினால் காவலுக்குப் படுத்திருப்பவர் கொம்பன் வந்துட்டான் என்றுதான் சத்தம் போடுவார் என நினைத்துக்கொள்வேன். அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருக்கும்.

வீரப்பூரில் கோயில் வாசலில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம். அங்கிருந்து தென்மேற்காகக் கிராமச் சாலைகள். இங்கேதான் வழி தப்பும். பெல்ஜியத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அங்கே லிம்பர்க் என்ற பழைய நிலக்கரிச் சுரங்க வட்டாரம் இருக்கிறது. சுரங்கப் பொறியாளர் ஹூகோ போலன் என்பவர், பூமிக்கு அடியில் சுரங்கப் பாதைகள் சந்திக்கும் இடங்களுக்கு எண் கொடுத்து வைத்திருப்பதைப் போல, மேலே சைக்கிள் பாதைகள் கூடும் இடங்களுக்கும் எண் கொடுத்தால் என்ன என்று யோசித்தார். 1995-இல் அந்த ஏற்பாடு வந்தது. அப்புறம் நெதர்லாந்துக்கும் பரவியது. கிளம்பும்போது ஒரு துண்டுத்தாளில் 71, 72, 65 என்பதுபோல் நாலைந்து எண்களை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் போதும், வரைபடமே வேண்டாம்.

நம்மிடம் எண் இல்லை, பெயர் இருக்கிறது. மதுரைக்குத் தெற்கே போனால் 'விலக்கு' என்பார்கள், இங்கே 'பிரிவு'. அதற்கும் முந்தைய சொல், கைகாட்டி. மரக்கட்டையில் கை வரைந்து ஊர்ப்பெயர் எழுதிய பலகை எப்போதோ விழுந்துபோயிருக்கும். இடத்துக்குக் கைகாட்டி என்ற பெயர் மட்டும் நின்றுவிடும். பலகை இல்லாத கைகாட்டியில் நின்று வழி கேட்பதில் ஒரு வேடிக்கை உண்டு. நான் அலைபேசியை நம்பாமல் கிளம்புவதற்கு முன்பே பிரிவுகளை வரிசையாக ஒரு தாளில் எழுதிவிடுவேன். இந்திய நில அளவைத் துறை 2017 முதல் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலான வரைபடங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அதில் காப்புக்காட்டின் எல்லை புள்ளிக்கோடாகத் தெரியும். அலைபேசி வரைபடத்தில் அது தெளிவாகத் தெரிவதில்லை. அந்தக் கோட்டுக்குள் நுழையும் ஒற்றையடிப் பாதைகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்கு இல்லை. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போவது சட்டப்படி குற்றம். அக்கா மகன் வரைந்த கோட்டில் ஒரு மூன்று கிலோமீட்டர் அப்படி உள்ளே போயிருந்தது. "யாராச்சும் ஏற்கெனவே ஓட்டியிருக்காங்க மாமா, தடம் தெரியுது" என்றான். ஆடு போன தடமாக இருக்கும் என்றேன். அதையும் அழித்தாயிற்று. மூன்றாவது திருத்தம்.

பொன்னணியாறு அணை இந்தச் சுற்றின் மேற்குமுனை. முகவனூர் பக்கம், செம்மலைக்கும் பெருமாள்மலைக்கும் இடையில் 1970-களில் கட்டியது. உயரம் 51 அடி. கடவூர் மலைகளில் பெய்யும் மழையை நம்பிய அணை. அது நிரம்பிய ஆண்டுகளை ஊர்க்காரர்கள் கல்யாண வருஷம் போல நினைவு வைத்திருப்பார்கள். மாயனூர் கதவணையிலிருந்து காவிரி உபரிநீரை இங்கேயும் கண்ணூத்து அணைக்கும் கொண்டுவர வேண்டும் என்பது விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. தேர்தலுக்குத் தேர்தல் அந்தப் பேச்சு நிரம்பும். தண்ணீர் குறைவாக இருந்தாலும் கரையில் ஏறி நின்றால் மேற்கே அடுக்கடுக்காக மலை. சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு அரைமணி உட்கார வேண்டிய இடம் இதுதான். கையில் இட்லிப் பொட்டலம் இருந்தால் நல்லது, பக்கத்தில் எல்லா நாளும் கடை இருக்கும் என்று எண்ணிப் போகக் கூடாது.

அந்த மலைகளுக்கு அப்பால் கடவூர். மலை ஒரு வளையமாகச் சுற்றி நிற்க, நடுவில் கிண்ணம் போல் பள்ளம். அதற்குள் ஊர்கள், வயல்கள். வளையம் கெட்டியான குவார்ட்சைட் பாறை. நடுவில் இருப்பது, பூமிக்கு உள்ளிருந்து உருகி மேலே புகுந்து ஆறிய கேப்ரோ, அனார்த்தோசைட் பாறைகள். 80 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சமாசாரம் என்கிறார்கள் நிலவியலாளர்கள். வட்டம் போடுகிறவனுக்கு இதைவிட ஆசை காட்டும் இடம் கிடையாது, இயற்கையே வட்டத்தைப் போட்டு வைத்திருக்கிறது. ஆனாலும் கடவூரை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் திணிக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். அதைச் சேர்த்தால் தூரம் கூடி, திரும்பும்போது பொழுது சாயும். அந்தி நேரத்தில் அந்த மலையோரங்களில் காட்டுமாடு இறங்கும். பொழுது சாய்ந்த பிறகு தேவாங்கு இறங்கும்.

ஒல்லியாக, கண் பெரிதாக இருக்கும் பிள்ளையைத் தேவாங்கு மாதிரி இருக்கிறான் என்று சொல்லாத வீடு எங்கள் பக்கம் இல்லை. சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தேவாங்கைப் பார்த்ததில்லை. பகலெல்லாம் முள்மரப் புதரில் பந்தாகச் சுருண்டு தூங்கும். இருட்டியதும் கிளை கிளையாக, அவசரமே இல்லாமல் நகர்ந்து பூச்சி பிடித்துத் தின்னும். வாதுக்கு வாது தாவாது. ஒரு கையும் ஒரு காலும் இந்தக் கிளையில் பிடித்திருக்க, அடுத்த கிளையை எட்டிப் பிடிக்கும்.

அய்யலூர்க் காட்டோரம் 1997, 98-இல் அன்னா நெகாரிஸ் என்ற ஆய்வாளர் மாதக்கணக்கில் இரவெல்லாம் இவற்றின் பின்னால் நடந்தார். தேவாங்கு தனித்தே வாழும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்கள். பகலில் கூடித் தூங்குவதையும் இரவில் ஒன்றையொன்று தேடிப் பழகுவதையும் அவர் எழுதிய பிறகுதான் அந்த எண்ணம் மாறியது. நம் வடமதுரை ரயிலில் போகிறவர்கள் ஜன்னலோரம் பார்த்துக் கொட்டாவி விடும் அதே முள்காட்டில் நடந்த ஆராய்ச்சி. பிறகு 2022 அக்டோபர் 12-ஆம் தேதி, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று நாட்டிலேயே முதல் சரணாலயம். அதன் எல்லை திருச்சி மாவட்டத்துக்குள் வரவில்லை. தேவாங்கு வந்திருக்கிறது.

நான் கிளையைச் சொன்னது இதனால்தான். தேவாங்கு சாலையைக் கடக்க இரண்டே வழி. இரு பக்க மரங்களும் மேலே கூடியிருந்தால் கிளை வழியாக, நாம் அடியில் போவதைக்கூடக் கண்டுகொள்ளாமல், அந்தப் பக்கம் போய்விடும். கிளை அறுந்திருந்தால் தரையில் இறங்கி நடக்க வேண்டும். தரையில் அதன் நடை தவழும் பிள்ளையின் நடை. லாரி விளக்கில் கண் கூசி அப்படியே நிற்கும். சாலையை இரண்டடி அகலப்படுத்தினால் சைக்கிள்காரனுக்கு நிழல் போகிறது. தேவாங்குக்குப் பாலம் போகிறது. எனக்கு எது அழகான சாலை என்று கேட்டால் பத்து வருஷத்துக்கு முன் மலையைக் காட்டியிருப்பேன். இப்போது தலைக்கு மேலே பார்க்கிறேன்.

அக்கா மகனிடம் சொன்னபோது அவனுக்கு விஷயம் பிடித்துவிட்டது. பச்சையைத் தொட்டுத் தொட்டு வரைந்த கோட்டை விட்டுவிட்டு, சாலைக்கோடே தெரியாமல் மரத்தலை மூடியிருக்கும் இடங்களைச் செயற்கைக்கோள் படத்தில் தேட ஆரம்பித்தான். தேடலாம். இடைவெளி இல்லாமல் ஒரு சாலை நெடுக அப்படிக் கிடைக்கவில்லை. இங்கே நூறு அடி, அங்கே ஒரு குளக்கரை, ஒரு அய்யனார் கோயில் முன்னால் கொஞ்சம். கோயில் என்றால் மரத்தில் கத்தி வைக்கப் பயம் இருக்கும், அதனால் தப்பியிருக்கும். இந்தத் துண்டுகளை எந்தச் சாலை அதிகம் கோத்துக்கொண்டு போகிறதோ, அதுவே எங்கள் வழி என்று முடிவாயிற்று. தூரம் நாலு கிலோமீட்டர் கூடியது.

அப்புறம் கிளம்பும் நேரத்தில் ஒரு சண்டை. திருச்சிப் பிள்ளைகளுக்கு அதிகாலை நாலு மணிக்குக் கிளம்புவதில் ஒரு பெருமை. கைப்பிடியில் கார் விளக்குபோல் ஒரு விளக்கு வேறு. ஊருக்குள் ஓட்டு, யார் வேண்டாம் என்றது? காட்டோரத்தில் அந்த வெள்ளை வெளிச்சம், இருட்டுக்கென்றே படைத்த கண்ணுக்கு முன்னால் பிடித்த தீவட்டி. ஆராய்ச்சி செய்கிறவர்கள் சிவப்புத் தாள் ஒட்டிய விளக்கையே பயன்படுத்துகிறார்கள். தை மாதத்தில் எங்கள் பக்கம் சூரியன் எழ ஆறரை மணிக்கு மேல் ஆகும். ஐந்தரைக்கு மணப்பாறையை விட்டால், ஊரும் கடைத்தெருவும் பெரிய சாலையும் இருட்டில் கழியும். காட்டோரம் வரும்போது வெளுத்திருக்கும். தேவாங்கும் தூங்கப் போயிருக்கும். ஐந்தரை என்று ஒத்துக்கொண்டான், ஆனால் முணுமுணுத்துக்கொண்டே.

முள்ளைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் ஊர் சைக்கிள் கட்டுரை முடியாது. ஆட்டுக்காரர்கள் வேலங்கிளையை வெட்டி இழுத்துப் போவார்கள், படலுக்கும் வேலிக்கும் முள்கத்தை தலையில் போகும், கருவேலம் விறகு டிராக்டரில் போகும். சிந்துகிற முள் எல்லாம் சாலையோரத்தில் நமக்காகக் காத்திருக்கும். ஆகவே நூல்போன்ற பந்தய டயர் வேண்டாம். 32, 35 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் நிம்மதி. மாற்று டியூப் இரண்டு. பஞ்சரானால் டியூபை மாற்றியவுடன் காற்றடித்துவிடாதீர்கள். டயரின் உள்பக்கம் துணியைச் சுற்றிய விரலால் ஒரு சுற்று தடவுங்கள். ஒடிந்த முள்முனை அங்கேயே ஒளிந்திருக்கும். அதை எடுக்காமல் போட்ட புது டியூப் அடுத்த பிரிவு வரை வராது.

பஞ்சர்க்கடை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அந்த அண்ணனிடம் இருப்பது பழைய அட்லஸ், ஹெர்குலஸ் சைக்கிளின் வால்டியூபும், மோட்டார்சைக்கிள் காற்றுக்குழாயும். கியர் சைக்கிளின் ஒல்லி மூக்கு வால்வைப் பார்த்து ஒருவர் என்னிடம் கேட்டார், "இதென்னண்ணே, குருவி மூக்கு மாதிரி?" அவர் குழாய் அதில் உட்காரவில்லை. சுண்டுவிரல் நுனியளவு பித்தளை அடாப்டர் ஒன்று விற்கிறார்கள். நாற்பது, ஐம்பது ரூபாய்ப் பொருள். அன்றைக்கு அது என்னிடம் இல்லாததால் ஏழு கிலோமீட்டர் நடந்தேன். இப்போது சாவிக்கொத்தில் தொங்குகிறது.

கடைசிப் பகுதி வையம்பட்டியிலிருந்து மணப்பாறை, 13 கிலோமீட்டர் போல. நான்குவழிச் சாலை. அழகு கிடையாது, காற்று முதுகில் இருந்தால் முக்கால் மணியில் முடிந்துவிடும். முடிந்த இடங்களில் அணுகுசாலையில் ஓட்டுங்கள். இந்தச் சாலையில் ஒரு காலத்தில் புளியமரங்கள் இரு பக்கமும் நின்றன. சிறுவயதில் பேருந்தில் போகும்போது வெயிலும் நிழலும் மாறி மாறி முகத்தில் அடிக்கும். மகசூலை நெடுஞ்சாலைத் துறை ஏலம் விடும். எடுத்தவர் ஆள் வைத்து உலுக்குவார், விழுந்ததைப் பொறுக்கும் எங்களைத் துரத்துவார். சாலை விரிந்தபோது அவையெல்லாம் போயின.

எல்லாம் என்று சொல்லக் கூடாது. புதுச்சாலை நேராகப் போன சில இடங்களில் பழைய சாலையின் வளைவு ஒதுங்கிக் கிடக்கிறது. நெல் காயப்போடவும் கல்யாணப் பந்தலுக்கும் பயன்படும் துண்டுச் சாலை. அதில் நாலைந்து பழைய மரங்கள் இன்னும் நிற்கின்றன. அந்த ஞாயிற்றுக்கிழமை, சுற்றை முடிக்கும் முன் அப்படி ஒரு வளைவுக்குள் வண்டியைத் திருப்பினோம். மரத்தடியில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த அம்மா எங்கள் தலைக்கவசத்தைப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, வண்டி வாங்கக் காசில்லையா?" என்றார். அக்கா மகன் தன் சைக்கிளின் விலையைச் சொல்ல வாயெடுத்தான். நான் காலை மிதித்தேன்.

மணப்பாறை முறுக்கு ஒரு பொட்டலம் வாங்கிப் பிரித்தோம். எண்ணெயில் இரண்டு தடவை போட்டு எடுத்தது, வாயில் வைத்ததும் உடைந்தது. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பண்டம். ஊர்த் தண்ணீரின் உப்புச்சுவைதான் அதன் ரகசியம் என்பார்கள். 64 கிலோமீட்டர் வியர்த்த உடம்புக்கு அந்த உப்புப் போதாமல் இன்னொரு பொட்டலம் வாங்க வேண்டியிருந்தது. அவன் கழுத்தைப் பின்னால் சாய்த்துப் புளியமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்ப்பக்கத்து மரத்தின் கிளை வந்து தொடுவதற்கு இன்னும் ஒரு முழம் பாக்கி இருந்தது.

(அடுத்த வாரம்: தெற்கே, துவரங்குறிச்சி பக்கம்)